குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைத்த ஒருவரிடம், நான்காவது மாதத்திலிருந்து எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “அதான் டயட் முடிஞ்சிருச்சே” என்பார். ஒரு தேதியில் ஆரம்பித்து இன்னொரு தேதியில் முடித்துவிடலாம் என்ற இந்த நினைப்பைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

நாம் வைத்த கெடு உடம்புக்குத் தெரியாது. கொழுப்பு கரையத் தொடங்கியதும், பஞ்சம் வந்துவிட்டதைப் போல அது தற்காப்பில் இறங்கிவிடுகிறது. கொழுப்பு போதிய அளவு சேமிப்பில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. எடை திரும்பி வந்தவர்கள் “எனக்கு மனவுறுதி போதாது” என்று தங்களையே திட்டிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பசி நிஜமானது. அது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதற்கு இடம் விட்டுத் திட்டம் போட்டிருக்கலாம்.

அடுத்தது அவசரம். முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ இறங்கினால் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும். அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைக்குக் கிளைகோஜன் என்று பெயர். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் கிளைகோஜன் செலவாகிறது, கூடவே அந்த நீரும் வெளியேறுகிறது. மூன்றாவது வாரம் வேகம் குறைந்ததும் “இது எனக்கு வேலை செய்யவில்லை” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கொழுப்பு சீராகக் கரைவது அந்தச் சமயத்தில்தான்.

சிலர் இதற்கு நேர்மாறாக, வேகத்தை விடக்கூடாது என்று சாப்பாட்டை இன்னும் வெட்டுவார்கள். இது கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வந்தது. அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது. அத்தனை கடுமையாக யாரும் வீட்டில் செய்ய மாட்டோம், சரி. ஆனாலும் பட்டினியை நம்பி இறங்குகிறவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் போதிய புரதமும், வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சியும் இருந்தால் தசையின் இழப்பைக் குறைக்கலாம்.

உடற்பயிற்சி விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதலாவது, நடந்தே எல்லாவற்றையும் கரைத்துவிடலாம் என்று நினைப்பது. 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். ஒரு தேக்கரண்டி அல்ல, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே கிட்டத்தட்ட 120 கலோரி இருக்கிறது. இரண்டாவது, நினைத்த எடை வந்ததும் நடையை நிறுத்திவிடுவது. இதுதான் பெரிய தவறு. எடையை இறக்குவதில் சாப்பாட்டின் பங்கு அதிகம். இறக்கிய எடையைத் தக்கவைப்பதில் நடையின் பங்கு அதிகம். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்களை அமெரிக்காவில் 1994இலிருந்து ஒரு பதிவேட்டில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதில் பெரும்பாலானவர்கள் தினமும் சுமார் ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். அவர்கள் அதிகம் செய்வது வெறும் நடைதான்.

கணக்கில் விடுபடுவதையும் சொல்லியாக வேண்டும். “நான் 1200 கலோரிதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை” என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்த ஆய்வு 1992இல் வந்தது. உண்மையில் சாப்பிட்டதில் பாதியளவைத்தான் அவர்கள் கணக்கில் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, குடித்த பழச்சாறு, இதெல்லாம் சாப்பாடாக நம் மனதில் பதிவதே இல்லை. ஒரு வாரம் மட்டும் வாயில் போட்டதை உடனுக்குடன் எழுதிப் பாருங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி மறந்துவிடும்.

அப்புறம், ஒரு நாள் விருந்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டால், “கெட்டது கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்ப்போம்” என்று வாரம் முழுவதையும் விட்டுவிடுவது. ஒரு வேளை சாப்பாடு எடையைப் பெரிதாக ஏற்றாது. அதைத் தொடர்ந்து வரும் ஆறு நாள்தான் ஏற்றும். புதுப் பழக்கங்கள் எப்படிப் படிகின்றன என்று பார்த்த ஓர் ஆய்வில், ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் நின்றது 66 நாள். இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் படிவதைக் கெடுக்கவில்லை. அடுத்த வேளையிலிருந்தே வழக்கத்துக்குத் திரும்பிவிட்டால் போதும்.

தூக்கத்தை விட்டுவிட்டு எடையைப் பற்றிப் பேசவே கூடாது. சரியாகத் தூங்காத நாளில் பசி கூடும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவை எடையை ஏற்றலாம். தைராய்டு குறைபாடும் ஏற்றலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, எடை குறைந்ததும் எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவது. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், காலையில் சாப்பிடும் முன் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ கூடுவதும் குறைவதும் உப்பாலும் நீராலும் இருக்கலாம். இரண்டு கிலோ கூடி, அது இரண்டு வாரம் இறங்காமல் நின்றால், எழுதும் நோட்டைத் திரும்ப எடுங்கள். இரண்டு கிலோவைச் சில வாரங்களில் இறக்கிவிடலாம். பத்து கிலோ ஆகும்வரை விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.