விரல் எண்ணுறத நிறுத்துங்க: ஏஐ படத்தை எப்படி செக் பண்றது

ஏஐ படத்தை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டா இன்னும் நிறைய பேர் சொல்றது ஒண்ணுதான், கைவிரலை எண்ணிப் பாரு. 2023 மார்ச்ல போப் பிரான்சிஸ் வெள்ளை பஃபர் ஜாக்கெட் போட்டு நடந்து வர்ற மாதிரி மிட்ஜர்னிங்கற ஏஐ டூல்ல பண்ண படம் ஒண்ணு உலகம் பூரா சுத்துச்சே, அதுல ஜூம் பண்ணா கை காபி கப்பை சரியா பிடிச்சிருக்காது, கண்ணாடி ஓரம் நிழலோட கலந்திருக்கும். அப்ப அந்த டிப்ஸ் வேலை செஞ்சது. இப்ப வர்ற டூல் எல்லாம் விரலை பெரும்பாலும் சரியாத்தான் போடுது, அதனால "அஞ்சு விரல் இருக்கே, அப்ப நிஜம்தான்"னு நம்பி ஃபார்வர்ட் பண்றதுதான் இன்னைக்கு பெரிய ஆபத்து.

அதனால படத்துக்குள்ள தேடுறதுக்கு முன்னாடி படம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுங்க. நான் யாருக்கு சொல்லிக் கொடுத்தாலும் இதுலதான் ஆரம்பிப்பேன்.

2023 நவம்பர்ல உத்தரகாசி சில்க்யாரா சுரங்கத்துல 41 தொழிலாளிங்க மாட்டிக்கிட்டாங்க, 17வது நாள் வெளிய கொண்டு வந்தாங்க, கடைசி சில மீட்டரை மெஷினால முடியாம, குறுகலான வழிக்குள்ள புகுந்து தோண்டுற எலி வளை சுரங்கத் தொழிலாளர்கள் கையாலயே தோண்டினாங்க. அன்னைக்கு மீட்புக்குழு ஹெல்மெட்டோட தேசியக்கொடி பிடிச்சு சிரிச்சுக்கிட்டு நிக்கிற படம் ஒண்ணு பயங்கரமா பரவுச்சு, அது ஏஐ படம். எனக்கு இதுல கோபம் வர்ற காரணம் வேற, உயிரைப் பணயம் வச்சு தோண்டின அந்த மனுஷங்களோட நிஜ போட்டோவே இருந்துச்சு, ஆனா இல்லாத முகங்களுக்கு நாம கைதட்டினோம். பெருமையோ அழுகையோ ஆத்திரமோ, படத்தைப் பாத்ததும் குபுக்குனு வந்து உடனே ஷேர் பண்ணத் தோணுச்சுன்னா அங்கதான் நிக்கணும்.

நின்னு என்ன பண்றது? ஃபோன்ல படத்தை சேவ் பண்ணி கூகுள் லென்ஸ்ல போடுங்க, அதே படம் எந்தெந்த சைட்ல இருக்குன்னு காட்டும், டின்ஐ சைட்லயும் போட்டுப் பாக்கலாம், அதுல பழசுலேருந்து வரிசைப்படுத்துற வசதி இருக்கு. முதல்ல யார் போட்டாங்கன்னு பாருங்க. போட்டோகிராஃபர் பேரோ நியூஸ் ஏஜென்சி பேரோ எங்கயாவது வருதா, இல்ல வெறும் மீம் பேஜ், பக்தி பேஜ், கட்சி அக்கவுன்ட் மட்டும்தானா? அப்புறம், ஒரே ஒரு ஆங்கிள்தான் இருக்கான்னு பாருங்க. 2023 மே 22ம் தேதி அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் பக்கத்துல குண்டு வெடிச்ச மாதிரி ஒரு படம் ட்விட்டர்ல ப்ளூ டிக் அக்கவுன்ட்லயே வந்து அமெரிக்க ஷேர் மார்க்கெட் கொஞ்ச நேரம் இறங்கவே செஞ்சது. அவ்வளவு பெரிய ஆஃபீஸ் பக்கத்துல பட்டப்பகல்ல வெடிச்சிருந்தா ஆளாளுக்கு ஃபோன்ல எடுத்திருப்பாங்க, ஆனா வேற ஒரு படம்கூட வரல. உள்ளூர் தீயணைப்புத் துறையும் அப்படி எதுவும் நடக்கலைன்னு சொல்லிடுச்சு.

இதுக்கு அப்புறம்தான் ஜூம். முகத்தை விடுங்க, பின்னாடி பாருங்க: கூட்டத்துல தூரத்துல இருக்கற முகங்கள், ஒரு காது தோடும் இன்னொரு காது தோடும், யூனிஃபார்ம் பேட்ஜ், கடை போர்டு, பஸ் போர்டு. தமிழ் எழுத்துல நிறைய டூல் இன்னும் சொதப்புது, தூரத்துலேருந்து தமிழ் மாதிரி தெரியும், படிச்சா ஒரு வார்த்தையும் வராது. தப்பு எதுவும் கிடைக்கலைன்னா அதை வச்சு உண்மைன்னு முடிவு பண்ணிடாதீங்க.

முழுசா ஏஐ இல்லாம நிஜ போட்டோல கொஞ்சமா கை வைக்கிறதுதான் இன்னும் மோசம். 2023 மே 28ம் தேதி டெல்லில போராடின மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகத்தையும் சங்கீதா போகத்தையும் போலீஸ் வண்டில கூட்டிட்டுப் போனப்ப எடுத்த செல்ஃபில சிரிப்பை ஏத்தி, போராட்டமே நாடகம்னு பரப்பினாங்க. ஒரிஜினல்ல அவங்க சிரிக்கவே இல்ல. பின்னணி, துணி, வண்டி எல்லாம் நிஜம்ங்கறதால ஜூம் பண்ணிக் கண்டுபிடிக்கறது கஷ்டம், ஒரிஜினலைத் தேடிப் பக்கத்துல வச்சாத்தான் தெரியும்.

டூல் விஷயம் சுருக்கமா. கூகுள் ஏஐல பண்ண படத்துல சின்த்ஐடின்னு கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கும், ஜெமினி ஆப்ல படத்தைப் போட்டுக் கேட்டா சொல்லும், ஆனா அது கூகுளோட படத்துக்குத்தான், இல்லைன்னு வந்தா வேற டூல்ல பண்ணதா இருக்கலாம். சும்மா சாட்பாட் கிட்ட "இது நிஜமா"ன்னு கேட்டு முடிவு பண்ணாதீங்க. 2025 ஜூன்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல அமெரிக்காவோட நேஷனல் கார்ட் படை வீரர்கள் தரையில படுத்துத் தூங்கின நிஜ போட்டோவை, எக்ஸ் தளத்துல இருக்கற க்ரோக் சாட்பாட் ஆப்கானிஸ்தான்ல எடுத்ததா இருக்கலாம்னு சொல்லுச்சு.

சந்தேகம் எதிர்ப்பக்கமும் போகும். 2024 ஆகஸ்ட்ல டெட்ராய்ட்ல, அமெரிக்க அதிபர் தேர்தல்ல ட்ரம்ப்பை எதிர்த்து நின்ன கமலா ஹாரிஸுக்கு வந்த கூட்டத்தோட போட்டோவை ட்ரம்ப் ஏஐன்னு சொன்னார், ஆனா அங்க இருந்த பல பேர் வேற வேற இடத்துலேருந்து எடுத்த படமும் வீடியோவும் இருந்துச்சு. பிடிக்காத படத்தை எல்லாம் ஏஐன்னு தள்றதும் பொய்தான், அதுக்கும் இதே செக்தான் பண்ணணும்.

ஃபேமிலி க்ரூப்ல பெரியப்பாவோ அத்தையோ இப்படிப் போட்டா க்ரூப்லயே "இது ஃபேக்"னு போட்டு உடைக்காதீங்க, அவங்க அசிங்கப்பட்டு அடுத்த தடவை உங்க பேச்சையே கேக்க மாட்டாங்க. தனியா ஃபோன் பண்ணி, நிஜ படம் இதுன்னு லிங்க் அனுப்புங்க, யூடர்ன் மாதிரி தமிழ் ஃபேக்ட் செக் சைட்ல வந்திருந்தா அதையும் அனுப்புங்க, அவங்களே டிலீட் பண்ணட்டும்.

தெரிஞ்ச பொண்ணோட முகத்தை வச்சு யாராவது அசிங்கமா படம் பண்ணியிருந்தா இந்த ஆராய்ச்சில நேரம் போக்காதீங்க. அந்தப் போஸ்டோட லிங்க், அக்கவுன்ட் பேரு, தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் குடுங்க, பெண்கள் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரை அங்க பேர் சொல்லாமலும் குடுக்கலாம். படத்தை மட்டும் வேற யாருக்கும், "பாருங்க எப்படிப் பண்ணியிருக்காங்க"ன்னு சொல்றதுக்காகக்கூட, அனுப்பாதீங்க.