ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: தனித்தனி வட்டில் நிறுவும் முறை

வீட்டில் ஒருவருக்கு டேலியும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான மென்பொருளும் வேண்டியிருக்கின்றன, கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு லினக்ஸ் வேண்டியிருக்கிறது, கணினியோ ஒன்றுதான். இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னையிலுள்ள சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன என்பதால், ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. ஆனால் அதை நாமே நிறுவும்போது எங்கே சிக்கல் வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பின்னால் ஒரு காலைப்பொழுதில் கணினி எழாமல் போய்த் தவிக்கும் நிலை வராது.

இரண்டில் எது பழுதானாலும் மற்றது தானாகவே எழுந்து இயங்கும்படி அமைக்க வேண்டும் என்பதே இந்த வேலையில் நான் கைக்கொள்ளும் முதல் விதி. புதிதாகக் கணினி வாங்குகிறவர்களுக்கு இதை நிறைவேற்ற எளிய வழி, இயங்குதளம் ஒன்றுக்கு ஒரு எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) என்று இரண்டு எஸ்.எஸ்.டி.களை வாங்குவதுதான். 1 டி.பி. வட்டு ஒன்றை வாங்கி அதைக் கூறுபோடுவதைவிட 500 ஜி.பி. வட்டுகள் இரண்டை வாங்கினால் செலவு ஓரளவு கூடும். அந்தக் கூடுதல் செலவைத் தயங்காமல் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தை விளக்கிவிடுகிறேன். இன்றைய கணினிகளில் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள யூ.இ.எஃப்.ஐ. என்னும் மென்பொருள்; பழக்கத்தில் இன்னும் பயாஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அது வட்டில் இ.எஃப்.ஐ. பிரிவு என்ற சிறிய பகுதியைத் தேடி, அங்கிருக்கும் தொடக்க நிரலை எடுத்து ஓட்டும். ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களை வைத்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் அந்தப் பிரிவு ஒன்றே. அது ஒண்டுக்குடித்தனத்தின் பொது வாசலைப் போன்றது: அறைகள் தனித்தனியாக இருந்தாலும், வாசலில் ஒருவர் கைவைத்தால் இருவருக்கும் வழி அடைபடும். வட்டுகள் இரண்டாகிவிட்டால் வாசலும் இரண்டாகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ரிச்சி தெருவில் பாகங்களைத் தேர்ந்து பூட்டித் தரச் சொல்கிறவர்கள், தாய்ப்பலகையில் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு இடங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். சில பலகைகளில் இரண்டாவது எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் வட்டுகளைக் கேபிள் வழியாகப் பொருத்தும் சாட்டா இணைப்புகளில் ஒன்றோ இரண்டோ செயல்படாமல் போகும்; இந்தக் குறிப்பு பலகையின் கையேட்டில் இருக்கும். உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிட்டு, வட்டுகளை வெறுமையாகவே வாங்கி வருவது நல்லது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கட்டாயம் என்பதையும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்துப் பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

சிறிய யூ.பி.எஸ். ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும். வட்டின் பிரிவுகளை மாற்றும்போதோ பயாஸைப் புதுப்பிக்கும்போதோ மின்சாரம் நின்றால் இழப்பு பெரிது. பராமரிப்புப் பணிக்காக உங்கள் பகுதியில் மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மடிக்கணினி வாங்கியவர்களுக்கும், ஒரே வட்டோடு வாங்கி முடித்துவிட்டவர்களுக்கும் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

நிறுவும் முறை

8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் இரண்டு தேவை. ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் கருவியைக் கொண்டு விண்டோஸ் 11 நிறுவியை உருவாக்குங்கள். மற்றொன்றில் லினக்ஸ். முதன்முறை வருகிறவர்களுக்கு, லினக்ஸின் பல வகைகளில் லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ பரிந்துரைப்பேன். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 பதிப்புக்கு ஐந்தாண்டு இலவசப் புதுப்பிப்புகள் உண்டு. பதிவிறக்கிய கோப்பின் எஸ்.ஹெச்.ஏ.256 சரிபார்ப்பு எண் தளத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். பாதி வழியில் அறுந்த பதிவிறக்கம் நிறுவலின் நடுவில் விளங்காத பிழைச் செய்திகளாக வெளிப்படும் என்பதால் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கக் கூடாது.

முதலில் விண்டோஸ். இரண்டு வட்டுகளும் பொருத்தியிருந்தால், லினக்ஸுக்கான வட்டைக் கழற்றி வையுங்கள். அல்லது பயாஸில் அந்த இணைப்பை முடக்கும் வசதி இருந்தால் முடக்குங்கள். விண்டோஸ் நிறுவி, வேறொரு வட்டில் இ.எஃப்.ஐ. பிரிவு இருப்பதைக் கண்டால் தன் தொடக்க நிரலை அங்கே கொண்டுபோய் வைத்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். மிகப் புதிய பலகைகளில் வைஃபை டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாமல் போகலாம். விண்டோஸ் 11 அமைவின்போது இணையத்தைக் கேட்கும் என்பதால் மோடத்திலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து வைத்துக்கொண்டால் வேலை தடைபடாது.

விண்டோஸ் எழுந்ததும் மூன்று காரியங்களை முடியுங்கள். முதலாவது, வட்டில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் வசதி பற்றியது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது வட்டு பெரும்பாலும் கேட்காமலேயே குறியாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறவுகோல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். பயாஸைப் புதுப்பித்தாலோ தொடக்க வரிசையை மாற்றினாலோ விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். அப்போது எண் கையில் இல்லாவிட்டால் கோப்புகளை மீட்க வழியே கிடையாது. இரண்டாவது, கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை அணைப்பது. அது இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்த பிறகும் விண்டோஸ் தன் கோப்புமுறையை முழுமையாக மூடாது. பாதி உறக்கத்தில் இருக்கும் அந்தப் பிரிவில் லினக்ஸ் எழுத மறுக்கும், அல்லது எழுதிச் சேதப்படுத்தும். மூன்றாவது, எல்லாப் புதுப்பிப்புகளையும் முடித்து ஒருமுறை முழுமையாக அணைப்பது.

அடுத்து விண்டோஸ் வட்டைக் கழற்றிவிட்டு அல்லது முடக்கிவிட்டு, லினக்ஸ் வட்டை மட்டும் பொருத்தி லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் வட்டைத் தேர்ந்தெடுத்தால் போதாதா, ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கலாம். தொடக்க நிரலை எந்த வட்டில் வைப்பது என்று நாம் சொன்ன பிறகும் முதல் வட்டின் இ.எஃப்.ஐ. பிரிவிலேயே வைத்துவிடும் குறை உபுண்டுவின் பழைய நிறுவியில் நெடுங்காலம் இருந்தது. கண்ணில் ஒரே வட்டு பட்டால் எந்த நிறுவியும் தவறிழைக்க வழியில்லை. நிறுவும் முன் "நிறுவாமல் இயக்கிப் பார்" என்ற வசதியில் வைஃபை, ஒலி, திரையின் தெளிவு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வட்டு முழுவதும் லினக்ஸுக்கே என்பதால் "முழு வட்டையும் அழித்து நிறுவு" என்ற முதல் தேர்வே போதும். பிரிவுகளைக் கையால் அமைக்க வேண்டியதில்லை.

கையொப்பமிட்ட தொடக்க நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற பயாஸ் வசதியை அணைத்துவிடும்படி பலர் அறிவுரை கூறுவார்கள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் ஆகியவற்றின் தொடக்க நிரல்கள் அதற்கான கையொப்பத்தோடுதான் வருகின்றன. எனவே அணைக்கத் தேவையில்லை. என்விடியா வரைகலை அட்டைக்கான டிரைவரை நிறுவும்போது மட்டும் ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்றில் அதே கடவுச்சொல்லை உறுதிசெய்யச் சொல்லும். அவசரத்தில் அந்தத் திரையைக் கடந்துவிட்டால் டிரைவர் இயங்காது.

இனி இரண்டு வட்டுகளையும் பொருத்துங்கள். எதை இயக்குவது என்பதைப் பயாஸின் தொடக்கப் பட்டியலிலேயே தேர்ந்தெடுக்கலாம்: அசூஸ் பலகைகளில் எஃப்8, எம்.எஸ்.ஐ.யில் எஃப்11, ஜிகாபைட்டில் எஃப்12. அன்றாடம் பயன்படுத்தும் இயங்குதளத்தை வரிசையில் முதலாவதாக வைத்துவிட்டால், மற்றது வேண்டும்போது மட்டும் அந்த விசையை அழுத்தினால் போதும். லினக்ஸின் தொடக்க நிரலான கிரப் காட்டும் பட்டியலிலேயே விண்டோஸும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் உண்டு. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. அமைவுக் கோப்பில் அதை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் கிரப் வழியாக விண்டோஸைத் தொடங்கும்போது பிட்லாக்கர் சில சமயம் மீட்புத் திறவுகோலைக் கேட்கும் என்பதால், பயாஸ் பட்டியலையே நான் விரும்புகிறேன்.

தனி வட்டுகளும் காக்க முடியாத ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைத் தடைசெய்யும் விதியைத் தாய்ப்பலகையின் நினைவகத்திலேயே எழுதியது. செக்யூர் பூட்டை இயக்கி வைத்திருந்த பலரது கணினிகளில் லினக்ஸ் எழாமல் போனது. இப்படி நேர்ந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து, எல்லாவற்றையும் புதுப்பித்த பின் மீண்டும் இயக்க வேண்டும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருக்கும் லினக்ஸுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஒரே வட்டுதான் என்றால்

மடிக்கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும். முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். மேலே சொன்ன மூன்று காரியங்களையும் முடியுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் சி டிரைவைச் சுருக்குங்கள். லினக்ஸ் கருவியால் சுருக்குவதைவிட விண்டோஸைக் கொண்டே சுருக்குவதுதான் பாதுகாப்பு. காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சமே சுருங்கும் என்று அது காட்டினால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். லினக்ஸுக்கு 100 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கிடைத்த காலி இடத்தில் எந்தப் பிரிவையும் உருவாக்காமல் அப்படியே விட்டு, லினக்ஸ் நிறுவியில் "விண்டோஸுடன் சேர்த்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவிக்கு வட்டே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் இன்டெல் மடிக்கணினிகளில் வட்டுகளை நிர்வகிக்கும் வி.எம்.டி. அல்லது ஆர்.எஸ்.டி. அமைப்பே காரணம். பயாஸில் அதை ஏ.ஹெச்.சி.ஐ. என்னும் பொதுவான முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் நேரடியாக மாற்றிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, பிறகு அந்த அமைப்பை நீக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானவை

படங்களையும் ஆவணங்களையும் இரண்டிலிருந்தும் திறக்கப் பொதுவான ஒரு பிரிவை விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வடிவத்தில் அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ஃபாட் வடிவமும் இரண்டிலும் இயங்கும். ஆனால் அதில் மாற்றங்களைக் குறித்துவைத்து மீட்கும் ஏற்பாடு இல்லாததால், எழுதும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெட வாய்ப்பு அதிகம். நம் ஊர் மின்தடையை நினைத்தால் என்.டி.எஃப்.எஸ். மேல். இந்தப் பிரிவில் பிட்லாக்கர் வேண்டாம். லினக்ஸின் ஹோம் கோப்புறையை இங்கே மாற்ற முயலாதீர்கள். கோப்பு அனுமதிகள் குழம்பிவிடும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பதைப் பார்த்துப் பலர் தாய்ப்பலகையின் பேட்டரியைச் சந்தேகிப்பார்கள். பலகையின் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும்படி ஒரு கட்டளையால் மாற்றிவிடலாம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் உள்ள நாடுகளில் இந்த முறை சிக்கல் தரும். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லாததால் நமக்கு இடையூறில்லை.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறவர்கள் லினக்ஸில் ஐபஸ் உள்ளீட்டு முறையுடன் எம்17என் தொகுப்பை நிறுவினால் அதே அமைப்பு கிடைக்கும். விண்டோஸில் எழுதிய ஆவணம் லினக்ஸில் கட்டங்களாகவோ வேற்றெழுத்துகளாகவோ தெரிந்தால், அது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவைத்துவிடுங்கள்.

மூன்றாவதாக வேறொரு லினக்ஸையோ ஃப்ரீ பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தையோ பழகிப் பார்க்க ஆசைப்பட்டால், அதற்காக வட்டைக் கூறுபோட வேண்டாம். பயாஸில் வெர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கிவிட்டு, ஓர் இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் வெர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளில் இயக்கினால் போதும். ஆப்பிளின் மேக் ஓ.எஸ். இந்தக் கணக்கில் வராது. ஆப்பிள் அல்லாத கணினியில் நிறுவ அதன் உரிம ஒப்பந்தம் இடந்தருவதில்லை.

பின்னாளில் லினக்ஸை நீக்க நேர்ந்தால், தனி வட்டு வைத்திருப்பவர்கள் அந்த வட்டைக் கழற்றினாலே போதும். விண்டோஸில் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரே வட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலாவதாக வைத்து, விண்டோஸ் தானாக எழுகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பிரிவுகளை அழித்து, அந்த இடத்தைச் சி டிரைவோடு சேர்க்க வேண்டும்.