சிறுகதையில் உரையாடலை எழுதும் முறை

புதிதாகச் சிறுகதை எழுதுபவர்களின் கைப்பிரதிகளில் வருணனை ஓரளவு தேறிவிடுகிறது. உரையாடல் வந்ததும் கதை படுத்துவிடுகிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டுவிட்டு வாசகருக்குத் தகவல் சொல்லத் தொடங்கிவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பூர்வீக நிலத்தில் தங்கைக்குரிய பங்கை விட்டுக்கொடுக்கும்படி கேட்டு, விடுதலைப் பத்திரத்தோடு அவள் வீட்டுக்கு அண்ணன் வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “அண்ணா, இந்த நிலத்தில் எனக்கும் பங்குண்டு என்று அப்பா சொன்னாரே, மறந்துவிட்டாயா?” என்று அவள் கேட்டால், அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்த செய்தியை நமக்காக ஒப்பிக்கிறாள் என்பது பளிச்சென்று தெரியும். அதே இடத்தை இப்படியும் எழுதலாம்:

“காபி ஆறுது, குடிண்ணா.”

“பத்திரத்தப் படிச்சியா?”

“கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. மாத்தணும்.”

மறுப்புச் சொல் ஒன்றுகூட வராமலே, அவள் கையெழுத்துப் போடப்போவதில்லை என்பது விளங்கிவிடுகிறது. எனவே எழுத உட்காரும் முன், இருவரில் யாருக்கு என்ன வேண்டும், அதை நேராகக் கேட்கவிடாமல் எது தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் பின்கதையைக் கதைசொல்லியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், அதில் குற்றமில்லை.

பேச்சுமொழியை எந்த அளவுக்கு எழுத்தில் கொண்டுவருவது என்பது அடுத்த சிக்கல். ஒவ்வொரு ஒலியையும் அப்படியே எழுத முயன்றால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஊரைக் காட்டுவதற்கு விளிச்சொல்லும் வினைமுற்றும் பெரும்பாலும் போதும்: நெல்லைக்காரர் “எங்கலே போற?” என்பார், கோவைக்காரர் “எங்கீங்க போறீங்க?” என்பார், யாழ்ப்பாணத்தவர் “எங்க போறியள்?” என்பார். மற்ற சொற்களை எளிய வடிவில் விட்டுவிட்டு, எடுத்துக்கொண்ட எழுத்துமுறையைக் கதை முடியும்வரை மாற்றாமல் வைத்திருங்கள். பழக்கமில்லாத வட்டாரத்தைத் தொடுபவர்கள் கி. ராஜநாராயணன் 1982-இல் வெளியிட்ட கரிசல் வட்டார அகராதியையோ, பெருமாள்முருகன் 2000-இல் வெளியிட்ட கொங்கு வட்டார அகராதியையோ புரட்டலாம். ஆனால் அகராதியில் சொல்லும் பொருளும் கிடைக்குமே தவிர, அதை மாமியார் மருமகளிடம் சொல்வாரா என்பது அந்த ஊரில் காதுகொடுத்துக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

மரியாதை விகுதிகள் தமிழ் எழுத்தாளருக்குக் கிடைத்த பெரிய வசதி, அதைப் பலர் வீணடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். மேற்கண்ட தங்கை இதுவரை “குடிண்ணா” என்றவள், பத்திரத்தை மடித்துக் கொடுக்கும்போது “நீங்க கிளம்புங்க” என்றால், உறவில் விழுந்த விரிசல் அந்த விகுதியிலேயே இருக்கிறது. அதன்பின் ‘அவள் குரலில் அந்நியத்தன்மை தெரிந்தது’ என்று கதைசொல்லி விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நம் மொழியில் ‘என்றான்’ பெரும்பாலும் பேச்சுக்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே மூன்று பேர் பேசும் இடத்தில், யார் பேசுகிறார் என்பது வரி முடிந்த பிறகே தெரியவரும். ‘அண்ணி டம்ளரை நகர்த்தி வைத்தாள்’ என்பதுபோல ஒரு செயலைப் பேச்சுக்கு முன் வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும். ‘என்றான்’ திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது கண்ணில் படாது. ‘முழங்கினான்’, ‘கர்ஜித்தான்’ ஆகியவைதான் உறுத்தும்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். மூச்சு முட்டும் வரிகளை உடையுங்கள்; வரவேற்பும் நலவிசாரிப்புமாகத் தொடங்கும் முதல் வரிகளை அடித்துவிட்டு, உரையாடல் அவை இல்லாமலே நிற்கிறதா என்றும் பாருங்கள்.