ஏழு ஃபேக்டர் இருக்கு, கையில 40 ரன்தான் இருக்கு: எப்படி பிளான் பண்றது

மெஷின்ல ஏழு செட்டிங் (ஃபேக்டர்) மாத்தலாம், ஒவ்வொண்ணுக்கும் மூணு லெவல் (குறைவு, நடு, அதிகம்) வச்சு எல்லா காம்பினேஷனையும் போட்டுப் பாத்துடலாம்னு எக்செல்ல எழுத ஆரம்பிச்சா 2187 வரி வரும். ரெண்டு லெவலா குறைச்சாலும் 128. அத்தன ரன்னுக்கு (ஒரு ரன்னா ஒரு செட்டிங்ல ஒரு தடவ ஓட்டிப் பாக்கறது) யாரும் லைனை விட மாட்டாங்க. சரி, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கலாம்னு போனா அதுவும் சரிப்படாது, ஏன்னா டெம்பரேச்சர் ஏத்துனா நல்லதா கெட்டதாங்கறதே டைம் எவ்ளோ வச்சிருக்கீங்கங்கறத பொறுத்து மாறலாம், அந்த இன்டராக்ஷன் இந்த முறைல கண்ணுலயே படாது.

நான் சொல்றது, டிசைன் (எந்தெந்த காம்பினேஷனை ஓட்டணும்ங்கற பட்டியல்) தேடறதுக்கு முன்னாடி எத்தன ரன் போட முடியும்னு முடிவு பண்ணுங்க, அதை ரெண்டு ரவுண்டா பிரிங்க. 40 ரன்னுன்னு வச்சுக்குவோம்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. ஒரே சாம்பிளை நாலஞ்சு தடவ அளந்து பாருங்க, அப்புறம் ஒரே செட்டிங்ல நாலஞ்சு ரன் போட்டு ரீடிங் எவ்ளோ ஆடுதுன்னு பாருங்க (பழைய புரொடக்ஷன் டேட்டா இருந்தா அதுவே போதும்). இந்த ஆட்டத்தோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரியிலிருந்து ரீடிங் வழக்கமா எவ்ளோ விலகுதுங்கற அளவு) மாதிரி ரெண்டு மடங்கு மாற்றத்தைப் பிடிக்கறதுக்கு மொத்தம் 16 ரன் தாராளம். அதுல பாதி அளவு மாற்றத்தையும் அதே நம்பிக்கையோட பிடிக்கணும்னா ரன் நாலு மடங்கு, அதாவது 64. அளக்கற கருவியே ஆடுதுன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, டிசைன் அதைக் காப்பாத்தாது.

முதல் ரவுண்டு ஸ்கிரீனிங், அதாவது ஏழுல எது முக்கியம்னு வடிகட்டறது. ஏழு ஃபேக்டருக்கு 8 ரன் டிசைனும் இருக்கு, ஆனா அதுல மெயின் எஃபெக்ட்டும் (ஒரு ஃபேக்டரோட தனி விளைவு) ரெண்டு ஃபேக்டர் இன்டராக்ஷனும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், எது எதுன்னு பிரிக்க முடியாது. 16 ரன், ரெசல்யூஷன் நாலு (எஃபெக்ட்டுகள் எவ்ளோ கலக்குதுன்னு சொல்ற தர எண்) டிசைன் எடுங்க. அதுல மெயின் எஃபெக்ட் சுத்தமா வரும், இன்டராக்ஷன்கள்தான் தங்களுக்குள்ள கலந்து கிடக்கும், இந்த கட்டத்துக்கு அது பரவால்ல. கூட நாலு சென்டர் பாயின்ட் (எல்லா ஃபேக்டரும் நடு லெவல்ல இருக்கற ரன்) போடுங்க, எல்லாத்தையும் ஒரே இடத்துல போடாம ஆரம்பம், நடு, கடைசின்னு பரப்பி. ப்ராசஸ் நேரம் போகப் போக நகருதான்னு தெரியும், வளைவு (விளைவு நேர்கோட்டுல போகாம வளையறது) இருக்கான்னும் தெரியும் (எந்த ஃபேக்டரோட வளைவுன்னு மட்டும் சொல்லாது).

லெவல் வைக்கறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. பயந்து பயந்து ரேஞ்சைக் குறுக்கி வச்சா எஃபெக்ட் எல்லாம் நாய்ஸ்ல முங்கிடும், ரொம்ப விரிச்சா சில ரன்ல பார்ட்டே வராது, ஒரு ரன் காலியானாலே டிசைனோட பேலன்ஸ் போச்சு. அதனால ரொம்ப மோசமா வரும்னு தோணற ரெண்டு மூணு காம்பினேஷனை முன்னாடியே ஓட்டிப் பாத்துட்டு ரேஞ்சை உறுதி பண்ணுங்க.

ரன் ஆர்டரை ரேண்டமைஸ் பண்றது கட்டாயம். ஆனா ஓவன் டெம்பரேச்சர் மாதிரி மாத்தறதுக்கே மணிக்கணக்கா ஆகற ஃபேக்டர் இருந்தா ஆபரேட்டர் எப்படியும் அதை குரூப் பண்ணித்தான் ஓட்டுவாரு, அதை மறைக்காம முதல்லயே ஸ்ப்ளிட் பிளாட்டா (மாத்தக் கஷ்டமான ஃபேக்டரை குரூப் குரூப்பா ஓட்டற டிசைன்) பிளான் பண்ணி அனலைசும் அப்படியே பண்ணுங்க. ராமெட்டீரியல் ரெண்டு லாட் ஆகும்னா லாட்டை பிளாக்கா (ஒரே நிலைமைல ஓடற ரன்களோட தொகுப்பு) வைங்க.

இப்ப 20 ரன் முடிஞ்சுது, ஏழுல மூணுதான் வேலை செய்யுதுன்னு வந்துதுன்னு வைங்க. இந்த 16 ரன்ல எந்த மூணு ஃபேக்டரை மட்டும் எடுத்துப் பாத்தாலும் முழு எட்டு காம்பினேஷனும் ரெண்டு ரெண்டு தடவ வந்திருக்கும். அதனால புதுசா 15 ரன் பாக்ஸ்-பென்கன்லாம் (வளைவைக் கணக்குல எடுக்கற ஒரு டிசைன்) போட அவசியமில்ல. மத்த நாலையும் நடு லெவல்ல நிறுத்திட்டு, இந்த மூணுக்கும் ஆறு ஆக்சியல் பாயின்ட் (ஒரு ஃபேக்டரை மட்டும் மேலயோ கீழயோ நகத்தி மத்ததை நடுல வச்ச ரன்), கூட மூணு சென்டர் பாயின்ட் சேத்தா, வளைவு எந்த ஃபேக்டரோடதுன்னு சொல்ற சென்ட்ரல் காம்போசிட் டிசைன் ஆயிடும், 9 ரன்தான். ரெண்டு ரவுண்டுக்கும் நடுவுல மெஷின் நகந்திருக்கலாம்ங்கறதால ரவுண்டை பிளாக்கா மாடல்ல சேத்துடுங்க. நல்ல இடம் இந்த ரேஞ்சுக்கு வெளிய இருக்குன்னு டேட்டா காட்டுனா இது உதவாது, ரேஞ்சை நகத்தி புதுசாத்தான் போடணும், கையில மிச்சம் இருக்கறது அதுக்குத்தான்.

மூணு ஃபேக்டர் குவாட்ராட்டிக் (வளைவும் சேர்ந்த) மாடல்ல 10 கோஎஃபிஷியன்ட், அதனால ஆர் ஸ்கொயர் (டேட்டாவோட ஆட்டத்துல எவ்ளோ பங்கை மாடல் விளக்குதுங்கற அளவு) பெருசா வர்றத பாத்து சந்தோஷப்படாதீங்க, ரெசிடுவலை (ரீடிங்குக்கும் மாடல் சொன்னதுக்கும் உள்ள வித்தியாசம்) ரன் ஆர்டர்படி பிளாட் பண்ணிப் பாருங்க. கடைசியா மாடல் நல்லதுன்னு சொல்ற செட்டிங்ல, அப்புறம் டேட்டாவே எடுக்காத வேற ஒண்ணு ரெண்டு செட்டிங்லயும் மொத்தம் நாலஞ்சு ரன் ஓட்டி, வர்ற ரீடிங் பிரெடிக்ஷன் இன்டர்வலுக்குள்ள (ஒரு தனி ரன் விழும்னு மாடல் சொல்ற எல்லை) விழுதான்னு பாருங்க. கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் இல்ல, அது சராசரிக்கு, குறுகலா இருக்கும், தனி ரன்னை அதோட ஒப்பிட்டா நல்ல மாடலையும் தப்புன்னு தூக்கிப் போட்டுடுவீங்க.