கேன்டீன் வாசலில் நம் மாணவர் தொலைக்காட்சி: திரை அமைக்கும் முறை

மாணவர்கள் எடுக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் யூடியூபில் ஏறி, எடுத்தவர்களின் நண்பர்களோடு நின்றுவிடுகின்றன. கேன்டீனுக்குப் போகிறவர்கள், கட்டணம் கட்ட வந்த பெற்றோர், வாயில் காவலர் என நம் வளாகத்தில் நடமாடுபவர்கள் அவற்றைப் பார்ப்பதே இல்லை. பிரிட்டனின் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் 1964-லேயே சொந்தத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கினார்கள். அதே நாட்டின் யார்க் பல்கலைக்கழக மாணவர்கள் 1967-ல் தொடங்கினார்கள். இன்று நமக்கு ஒரு 43 அங்குல டி.வி.யும் உள்ளங்கையளவு கணினி ஒன்றும் போதும். எங்கள் துறையில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை அப்படியே எழுதுகிறேன். படப்பிடிப்பும் எடிட்டிங்கும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. இடம்

நடைபாதையின் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள். நடப்பவரின் முகத்துக்கு நேராக, நடைபாதை திரும்பும் இடத்தில் மாட்டுங்கள். வரிசையில் நிற்கும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. எதிரே ஜன்னல் இருக்கக் கூடாது.

2. ஒலி இல்லாத நிகழ்ச்சி

ஒலியை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்பது ஒரு காரணம். கேன்டீன் இரைச்சலில் எப்படியும் எதுவும் கேட்காது என்பது இன்னொன்று. ஆகவே வசனம் முழுவதும் எழுத்தாக வர வேண்டும். சாதாரணமாக நடக்கும் ஒருவர் 20 அடியை ஏறத்தாழ ஐந்து நொடியில் கடந்துவிடுவார். அந்த ஐந்து நொடியில் "இது என்ன?" என்பது அவருக்குப் புரிய வேண்டும். நிகழ்ச்சியின் பொருளைச் சொல்லும் ஒரு வரி, திரையின் மேல்பகுதியில் எப்போதும் இருக்கட்டும்.

3. தமிழ் எழுத்து

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அளவு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் உள்ள கணக்கு. 20 அடிக்கு இரண்டு அங்குலம். 43 அங்குல டி.வி.யின் உயரம் ஏறத்தாழ 21 அங்குலம் என்பதால், 1080 பிக்சலில் எழுத்து 100 பிக்சல் உயரம் இருக்க வேண்டும். தமிழுக்கு இதைக் குறைக்கவே கூடாது. தூரத்தில் முதலில் மறைவது புள்ளி. அடுத்து 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள சுழி வேறுபாடு. இந்த அளவில் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள்தாம் அடங்கும். பேசியதை எல்லாம் எழுதாமல் சாரத்தை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது வடிவம். சில எடிட்டிங் மென்பொருள்களில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். பிரீமியர் புரோவில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய், டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றி, எழுத்தைப் புதிதாக இட்டுப் பாருங்கள்.

என் விருப்பம் வேறு: வசன எழுத்து அமைக்கும் ஏஜிசப் மென்பொருளில் எழுத்தை அமைத்து, வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக்கில் படத்தோடு பதித்துவிடுவது. இரண்டும் இலவசம். ஏஜிசப்பில் ஸ்கிரிப்ட் ரெசல்யூஷனை (எழுத்தளவு கணக்கிடப்படும் திரையளவை) 1920, 1080 என்று முதலிலேயே வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் தரும் எழுத்தளவு திரையில் வேறாகத் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவம் போதும். மெல்லிய கோடுள்ள அழகு எழுத்துருக்கள் தூரத்தில் கரைந்துவிடும்.

4. கருவி

பென்டிரைவை நேரடியாக டி.வி.யில் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல டி.வி.க்களில் ஒவ்வொரு படத்துக்கும் கோப்பின் பெயர் எட்டிப் பார்க்கும். மின்சாரம் போய் வந்தால் யாராவது ரிமோட்டைத் தேட வேண்டும். முதலில் சொன்ன உள்ளங்கையளவு கணினியாக ராஸ்பெரி பை 4 வாங்குங்கள். பை 5 விலை கூடியது, அதில் எச்.264 என்ற பரவலான வீடியோ வடிவத்தை ஓட்டும் தனி வன்பொருளும் இல்லை, 4-ல் உண்டு.

வீடியோ ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளை முழுத்திரையில், திரும்பத் திரும்ப ஓடும்படி, கணினி தொடங்கும்போதே தொடங்கும்படி வையுங்கள். தொடக்கத்தில் தலைப்பைக் காட்டும் தேர்வையும், பையின் அமைப்பில் ஸ்கிரீன் பிளாங்கிங்கையும் (சிறிது நேரத்தில் திரை தானாகக் கறுப்பதையும்) அணைத்துவிடுங்கள். எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே எம்.பி.4 கோப்பாகச் சேர்த்தால் இடையிடையே கறுப்புத்திரை வராது.

பின்சேர்க்கை

மின்வெட்டுக்குப் பிறகு படம் வரவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். டி.வி. விழிப்பதற்கு முன்பே பை தொடங்கிவிட்டால், திரை இணைந்திருப்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். எச்.டி.எம்.ஐ. கம்பியின் நடுவே ஈ.டி.ஐ.டி. எமுலேட்டர் என்ற சிறிய இணைப்பைச் செருகினால், திரை எப்போதும் இணைந்திருப்பதாகப் பைக்குக் காட்டும், சரியாகும். டி.வி.யின் அமைப்பில் மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும் தேர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். திடீர் மின்வெட்டு மெமரி கார்டையும் கெடுக்கும். எல்லாம் முடிந்தபின் பையின் அமைப்பில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை (மாற்றங்களைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைக்கும் வசதியை) இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. புதிய நிகழ்ச்சி ஏற்றும் நாளில் மட்டும் அதை அணைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது என்ற வாசகருக்கு: உங்கள் வசனம் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றி, யு.டி.எஃப்-8 ஆகச் சேமித்து, மறுபடி ஏஜிசப்பில் திறந்து பாருங்கள்.