முதல் தடவை ஆவணப்பட விழாவுக்குப் போகிறீர்களா? திருகோணமலைப் பார்வையாளருக்கு ஒரு செய்முறை

சுயாதீன ஊடகவியல் பற்றிய படம் ஒன்றை நம்மூரில் காட்டுகிறார்கள் என்றால் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் தியேட்டருக்குப் போவதுபோலப் போய் உட்கார்ந்து, முடிந்ததும் எழும்பி வந்தால் பாதிதான் கிடைக்கும். மீதியையும் எடுத்துக்கொள்வதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

படி 1: எங்கே, எப்போது, எந்த மொழியில்

அறிவிப்பு பெரும்பாலும் பேஸ்புக்கிலோ வட்ஸ்அப் குழுக்களிலோதான் வரும். முன்பதிவு வேண்டுமா, படம் எந்த மொழி, உபதலைப்பு எந்த மொழி என்று பாருங்கள். கடைசி விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிங்களப் படத்துக்கு ஆங்கில உபதலைப்பு மட்டும்தான் என்றால் வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பயனில்லை. தமிழ் இல்லையென்றால் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டால்தான் அடுத்த முறையாவது போடுவார்கள்.

கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு வாருங்கள். படத்துக்குப் பிறகான கலந்துரையாடல் நீளும். அதை விட்டுவிட்டு ஓடக் கூடாது.

படி 2: கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த விடயத்தில் நம்மூருக்கென்றே ஒரு வரலாறு இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின: உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர்களின் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் 2000இல், மட்டக்களப்பில் நடேசன் 2004இல், கொழும்பில் சிவராம் 2005இலும் லசந்த விக்கிரமதுங்க 2009இலும் என்று வேறு செய்தியாளர்களும் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் மனதில் இருந்தால், திரையில் ஓடுவது எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் ஒரு செய்தியாளர் கமராவைத் தூக்கும் இடத்தில் உங்களுக்கு நெஞ்சு இறுகும்.

இன்னொன்றையும் யோசித்துவிட்டுப் போங்கள்: யாரிடமிருந்து சுயாதீனம்? லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1973இல் அரசின் கைக்குப் போனது, அதன் தமிழ் நாளிதழான தினகரனும் அதோடு போனது. தனியார் பத்திரிகைக்கு முதலாளியும் விளம்பரதாரரும் இருக்கிறார்கள், இணையத்தளத்துக்கு நிதி கொடுப்பவர் இருக்கிறார். அரசிடமிருந்து மட்டும் விலகி நின்றால் போதுமா என்பதைப் படம் தொடுகிறதா என்று பாருங்கள்.

படி 3: மண்டபத்தில்

கால் மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். கீழே வரும் உபதலைப்பை முன்னாலிருப்பவரின் தலை மறைக்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள். போனை ஓஃப் பண்ணிவிடுங்கள். பார்வையாளர்களைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போடாதீர்கள். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் நம்மூரில் இன்னும் சிலருக்குப் பயம் தரும் விடயம். வந்த ஒருவர் அந்தப் படத்தால் அடுத்த முறை வராமல் விடக் கூடாது.

படி 4: எப்படிப் பார்ப்பது

கதையோடு போங்கள், ஆனால் ஒரு கேள்வியைக் கூடவே வைத்திருங்கள்: இது இவர்களுக்கு எப்படித் தெரியும்? திரையில் ஓடுவது அன்றைக்கே எடுத்த காட்சியா, பிறகு நடித்துக் காட்டியதா? சாட்சி தன் கண்ணால் கண்டவரா, கேள்விப்பட்டவரா? ஆவணம் ஒன்றைக் காட்டினால் அது எப்படிக் கிடைத்தது? நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். நல்ல செய்தியாளர்கள் அதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள்.

முகத்தை இருட்டாக்கி, குரலை மாற்றிச் சிலரைப் பேச வைப்பார்கள். ஒரு திரையிடலில் அப்படி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். முகம் வெறும் நிழல். கை மட்டும் வெளிச்சத்தில் இருந்தது, விரலில் கிடந்த மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் அந்த மோதிரத்தைக் கண்டுபிடித்து, ஆளின் பெயரைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொன்னார். மூன்று வரிசைக்குக் கேட்டது. அந்தக் கையைச் சட்டகத்துக்குள் விட்டது படமெடுத்தவர்களின் கவனக்குறைவு. ஆனால் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அடையாளம் தெரிந்தால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் பேச வேண்டாம்.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் பாருங்கள். யார் பணம் தந்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

படி 5: கேள்வி நேரம்

மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றுகிறவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “படத்தில் பேசியவர்கள் முழுப் படத்தையும் பார்த்தார்களா?” “எதை எடுத்தும் சேர்க்காமல் விட்டீர்கள், ஏன்?” இந்த இரண்டுக்கும் நல்ல பதில்கள் வரும். தமிழிலேயே கேளுங்கள், மொழிபெயர்க்க யாராவது இருப்பார்கள். ஒளித்துவைத்த ஆள் யார், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

படி 6: பிறகு

உங்கள் ஊரிலும் இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றினால், திருட்டு லிங்க் தேடாமல் இயக்குநரிடமோ விழாக்குழுவிடமோ மின்னஞ்சல் முகவரி வாங்கிக்கொண்டு வாருங்கள். எந்த மண்டபம், எந்தத் திகதி, எத்தனை பேர், இலவசமா கட்டணமா என்று நாலு வரி எழுதித் திரையிடல் அனுமதி கேளுங்கள். பாடசாலை, வாசகர் வட்டம் என்றால் சிலர் பணம் வாங்காமலே தருவார்கள். அனுமதி கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரைத்தான். வெள்ளைச் சுவர் எங்கும் கிடைக்கும், நேர்காணல் தெளிவாகக் கேட்கும் ஸ்பீக்கர் கிடைப்பதுதான் கஷ்டம்.