குழந்தையின் உறக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

கத்திரி வெயில் நாட்களில் வேலூரின் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைகள் நள்ளிரவு வரை அனல் கக்கும். அந்த அறையிலும் பச்சிளங்குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் மாட்டி, துணியால் இறுகச் சுற்றிப் படுக்கவைக்கும் வீடுகள் இருக்கின்றன. உடல் அளவுக்கு மீறிச் சூடேறுவது, உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணத்துக்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று. பாதம் சில்லென்றிருப்பதை வைத்துக் குளிர் என்று முடிவு செய்யாமல், பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடலாம்.

என் சொந்தத் தவறு அவசரம். காட்பாடி வீட்டில் முதல் இரண்டு மாதங்கள், மகள் முனகினாலோ, முகம் சிவக்க நெளிந்தாலோ, அரைக்கண் திறந்தாலோ, விழித்துவிட்டாள் என்று உடனே வாரி எடுத்து மார்பில் சேர்த்துக்கொள்வேன். பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, இப்படிக் கை கால் அசையும் மேலோட்டமான உறக்கம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் விழிக்கவில்லை, நான்தான் எழுப்பிக்கொண்டிருந்தேன். ஓரிரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தபோது, பல இரவுகளில் அவள் தானாகவே அடங்கிப்போனாள். உண்மையான பசி அப்படி அடங்காது, அழுகை வலுக்கும்.

தூளியைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் சேலை தொய்ந்து மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை நெருக்கப்படும். கண்பார்வையில் ஆட்டித் தூங்கவைத்து, பிறகு கெட்டியான படுக்கையில், தலையணை எதுவுமின்றி மல்லாத்திக் கிடத்துவதே நல்லது. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். தூக்கத்துக்கென்று வசம்பு, கசகசா, கிரைப் வாட்டர் எதையும் புகட்டக் கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும். ஒரு வயது முடியும்வரை தேனை நாவில் தடவுவதும் ஆபத்து.

பெற்றோரின் சோர்வால் நேரும் தவறுகளில் மிக மோசமானது, சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்துவிடுவது. கை தளர்ந்தால் குழந்தை மெத்தை இடுக்கில் முகம் புதைந்துபோகும். தூக்கம் சொக்கினால் குழந்தையை உடனே வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பால் கொடுப்பதுதான் தாயின் வேலை. ஏப்பம் விடவைப்பதும் ஈரத்துணி மாற்றுவதும் கணவருக்கும் கைவரும். குழந்தை தூங்கும் நேரத்தில் பாத்திரம் தேய்க்க எழுந்தால், அன்றைய உங்கள் உறக்கம் போயிற்று. அழுகையும் வெறுமையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதைப் பிள்ளை பெற்ற அலுப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம்.